பதினெட்டு மீட்டர் சரிவில் ஓர் ஊர்

பின்லாந்தின் தம்பெரே நகருக்கு வடக்கே ஓர் ஏரி, தெற்கே ஓர் ஏரி. வடக்கிலுள்ள நாசியார்வியின் நீர்மட்டம், தெற்கிலுள்ள பியூஹாயார்வியைவிட 18 மீட்டர் உயரம். இரண்டுக்கும் நடுவே, ஊரைப் பிளந்துகொண்டு பாய்கிறது தம்மெர்கோஸ்கி ஆறு. இரண்டு கிலோமீட்டர்கூட நீளமில்லாத இந்த ஆறு அந்த 18 மீட்டரையும் ஒரே மூச்சில் இறங்கிவிடுகிறது. தம்பெரேயின் ஆலைகள், அவற்றைச் சுற்றி வளர்ந்த நகரம், இன்று அந்த ஆலைகளுக்குள் இருக்கும் அருங்காட்சியகம், திரையரங்கு, நாடக மேடை எல்லாமே அந்தச் சரிவிலிருந்து பிறந்தவை.

ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1779-இல் இந்த ஊரை நிறுவினார். 1809-இல் பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனது. 1820-இல் அன்றைய ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் பக்கமிருந்து ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்து ஆற்றங்கரையில் பட்டறை போட்டார். தண்ணீரை எடுத்துக்கொள்ள உரிமையும் வரிச்சலுகையும் கிடைத்தன. நெசவு இயந்திரம் செய்யத் தொடங்கிய பட்டறை பருத்தி நூற்பாலையாக மாறியது. 1836-இல் அவர் ஆலையை விற்றுவிட்டுக் கிளம்பினார். ஆனாலும் பெயர் தங்கிவிட்டது. ஆலைக்கு மட்டுமல்ல, அது நின்ற பேட்டைக்கே இன்றும் ஃபின்லேசன் என்றுதான் பெயர்.

ஆற்றின் மேல்முனையிலிருந்து நடக்கத் தொடங்குபவர் முதலில் வந்து சேர்வது இந்தப் பேட்டைக்குத்தான். 1837-இல் எழுந்த ஆறடுக்கு நூற்பாலை இப்போதும் நிற்கிறது. ஒரு காலத்தில் இது ஊருக்குள் இன்னோர் ஊர்: சொந்தப் பள்ளி, மருத்துவமனை, தேவாலயம், காவலர்கள் எல்லாம் உண்டு. வேலைக்கு வந்தவர்களில் பெண்கள் ஏராளம், சிறுவர்களும் உண்டு.

பேட்டையின் உள்ளே ப்ளெவ்னா என்ற நெசவுக்கூடம் இருக்கிறது. ரஷ்ய-துருக்கிப் போர் நடந்த 1877-இல் கட்டியதால், அந்தப் போரில் பெயர்பெற்ற பல்கேரிய நகரின் பெயரையே சூட்டிவிட்டார்கள். 1882 மார்ச்சில் இந்தக் கூடத்தில் எடிசன் விளக்குகள் எரிந்தன. நார்டிக் நாடுகளில் எடிசன் விளக்கு எரிந்த முதல் கட்டடம் இதுதான். குளிர்காலத்தில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. பஞ்சும் தூசியும் பறக்கும் கூடத்தில் திறந்த சுடரை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது எத்தனை ஆபத்து! அந்தத் தறிகளின் முன் நின்ற பெண்களுக்கு மின்விளக்கு என்பது அலங்காரம் அல்ல, உயிர்ப் பாதுகாப்பு. கூடவே, சூரியனைக் கேட்காமல் வேலைநேரத்தை நீட்டவும் அது முதலாளிக்கு வழி திறந்தது.

இன்று அதே கூடத்தில் திரையரங்குகளும் ஒரு பீர் உணவகமும் இயங்குகின்றன. நெசவுக்கூடங்கள் அகலமானவை, நடுப்பகுதிக்குச் சன்னல் வெளிச்சம் எட்டாது. குடியிருப்புக்கும் அலுவலகத்துக்கும் அது பெரும் இடைஞ்சல், திரையரங்குக்கோ அதுதான் வசதி. பழைய ஆலைகளுக்குப் புதுவேலை தேடும் கலையின் பாதி இதில்தான் இருக்கிறது. கட்டடத்தை வளைத்து ஒடிக்காமல், அதன் வாகுக்குப் பொருந்தும் வேலையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மீதிப் பாதியைக் காண அதே பேட்டையிலுள்ள வேர்ஸ்தாஸ் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குள் போக வேண்டும். 1900-இல் சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் செய்து அனுப்பிய நீராவி இயந்திரம், பொருத்திய இடத்திலேயே அங்கே நிற்கிறது. அதன் சக்கரம் ஆள் உயரத்தைப் பல மடங்கு மிஞ்சியது. தரைக்குக் கீழே குழிக்குள் பாதியும் மேலே பாதியுமாக நிற்கிறது. விளிம்பில் வரிவரியாகப் பள்ளங்கள். அவற்றில் ஓடிய கயிறுகள்தான் ஆலையின் தளங்களுக்கெல்லாம் விசையை எடுத்துச் சென்றன. இதைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டிருந்தால் கூடம் நிறைய இடம் கிடைத்திருக்கும். அப்படிச் செய்யாமல் விட்டதற்கு இந்த நகரத்தைப் பாராட்ட வேண்டும். செங்கல் சுவரை மட்டும் காப்பாற்றிவிட்டு உள்ளே நடந்த உழைப்பைத் துடைத்தெறியும் புதுப்பிப்பு, வெறும் முகப்பு வேலை.

இந்தப் பக்குவம் தம்பெரேக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில், கிழக்குக் கரையில், பெரியதொரு கம்பளித் துணி ஆலை இருந்தது. 1970-களில் அதில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். பின்னர் அங்கே 1986-இல் இல்வெஸ் என்ற அடுக்குமாடி ஹோட்டலும், 1988-இல் கோஸ்கிகெஸ்குஸ் வணிக வளாகமும் வந்தன. ஆற்றுப் பாலத்தில் நின்று தெற்கே பார்த்தால் அந்த ஹோட்டல் கோபுரம்தான் கண்ணில் அறைகிறது. பழைய ஆலையில் தப்பிய நூற்புப் பகுதி, கெஹ்ராசாரி என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது. சிறு கடைகள், ஒரு சின்னத் திரையரங்கு என்று சந்துகளோடு உயிர்ப்பாக இருக்கும் இந்த மூலையைப் பார்க்கும்போதுதான், இடித்ததில் எவ்வளவு போயிற்று என்று உறைக்கிறது.

எனவே 1990-களின் தொடக்கத்தில் அடுத்த சோதனை வந்தபோது ஊர் சற்று நிதானமாக இருந்தது. சோவியத் யூனியன் சிதறியதும் பின்லாந்துக்கு ஒரு பெரிய சந்தை கைநழுவியது. நாட்டையே கடும் பொருளாதார மந்தம் பிடித்தது. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த ஃபின்லேசன் ஆலை இங்கே உற்பத்தியை நிறுத்தியது. எதிர்க்கரையில், லினன் துணியிலிருந்து ரயில் என்ஜின்வரை செய்த தம்பெல்லா நிறுவனமும் நொடித்தது. நகரின் நடுவே, ஆற்றின் இரு கரைகளிலும், ஏக்கர் கணக்கில் காலி ஆலைகள். அந்த முறை இடிப்பு இயந்திரம் முதலில் வரவில்லை. தம்பெல்லாவின் பொறியியல் பட்டறைகளில் 1996-இல் வாப்ரீக்கி அருங்காட்சியகம் திறந்தது. இயற்கை வரலாறு, அஞ்சல், பனி ஹாக்கி, கணினி விளையாட்டு என்று பல காட்சிக்கூடங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சுற்றியிருந்த ஆலை நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன. ஆற்றைப் பார்த்த வீட்டுக்கு என்ன விலை இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தறி ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும் என்ற கேள்வியை இந்த நடையில் தாண்டிப் போக முடியாது.

சற்றுக் கீழே இறங்கினால் ஃப்ரெங்கெல் காகித ஆலையின் புகைபோக்கி. பின்லாந்தின் முதல் காகித இயந்திரம் 1842-இல் ஓடியது இந்த ஆலையில்தான். இப்போது ஒரு பகுதி நாடக மேடை, இன்னொரு பகுதி நகராட்சி அலுவலகங்கள்.

நம்மூரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு புழங்கிய நோக்கியா கைபேசியின் வேரும் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ஃப்ரெட்ரிக் இடெஸ்தாம் 1865-இல் இங்கே மரக்கூழ் ஆலை தொடங்கினார். அடுத்த ஆலையைப் பக்கத்து ஊரான நோக்கியாவில் வைத்ததால் நிறுவனத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

ஆற்றின் தண்ணீர் இன்னும் வேலையில்தான் இருக்கிறது. அணைகளில் உள்ள நீர்மின் நிலையங்கள் இன்றும் ஓடுகின்றன. 1992-இல் அரசு தேர்ந்தெடுத்த 27 தேசிய நிலக்காட்சிகளில், காடுகளுக்கும் ஏரிகளுக்கும் சமமாக இந்த ஆலைக்கரையும் இடம்பெற்றது.

கரையில் கடைசிவரை தாக்குப்பிடித்தது தாக்கோ அட்டை ஆலை. நகர மையத்தில், கடைத்தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில், உணவு, மருந்துப் பெட்டிகளுக்கான அட்டையை உருட்டிக்கொண்டிருந்தது. மெட்சா போர்டு நிறுவனம் 2025-இல் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. நகரின் மிக விலையுயர்ந்த நிலங்களில் ஒன்று அது. ஃபின்லேசனைப் போல இயந்திரத்தோடு காக்கப்போகிறார்களா, கம்பளி ஆலைக்கு நேர்ந்தது இதற்கும் நேருமா என்பதைத் தம்பெரே இனித்தான் தீர்மானிக்க வேண்டும்.