சர்க்கரைப் பீட்: சாகுபடியும் பயன்களும்

சின்னசேலம் வட்டாரத்தில் கிணற்று நீரை நம்பிக் கரும்பு பயிரிடுவோர், பத்துப் பன்னிரண்டு மாதங்கள் அதற்கு நீர் பாய்ச்சும் சிரமத்தை நன்கு அறிவர். ஐந்தாறு மாதங்களில் முதிரும் சர்க்கரைப் பயிர் ஒன்று உண்டெனின், அதைப் பற்றி அறிய அவர்கள் விரும்புவது இயல்பே. அப்பயிர்தான் சர்க்கரைப் பீட். இது சர்க்கரைவள்ளிக் கிழங்கு அன்று. நாம் கறி சமைக்கும் பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்த வெண்ணிறக் கிழங்காகும்.

1747-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் மார்க்ராஃப் இக்கிழங்கில் சர்க்கரை இருப்பதைக் கண்டறிந்தார். இன்று உலகச் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதிலிருந்து கிடைக்கிறது. குளிர்நாட்டுப் பயிரான இதில் வெப்பநாடுகளுக்கேற்ற இரகங்களும் பின்னர் தோன்றின. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைச் சோதித்துச் சாகுபடி முறைகளை வகுத்துள்ளது.

சாகுபடி முறை

நீர் தேங்காத, ஆழமான மண் இதற்கு ஏற்றது. ஓரளவு உவர் நிலத்திலும் வளரும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். நிலத்தை ஆழ உழுது, ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் இட்டு, 50 செ.மீ. இடைவெளியில் பார் பிடிக்க வேண்டும். பாரின் மேல் 20 செ.மீ.க்கு ஒரு விதை வீதம், 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் ஏக்கருக்குச் சுமார் 40,000 செடிகள் நிற்கும். காலத்தில் களையெடுத்து மண் அணைப்பது அவசியம். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நீரை நிறுத்திவிட வேண்டும்.

இதன் விதையை நம் ஊரில் எடுக்க இயலாது. கடுங்குளிர் பட்டால்தான் செடி பூக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் விதையை விலைக்கு வாங்கியே தீரவேண்டும்.

பயன்கள்

கிழங்கிலிருந்து சர்க்கரையும் எரிசாராயமும் கிடைக்கின்றன. சாறு எடுத்த சக்கை நல்ல மாட்டுத் தீவனம். தழையையும் வாடவைத்து, அளவோடு பிற தீவனத்துடன் கலந்து கொடுக்கலாம்.

முதலில் கேட்கவேண்டியது

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகள் கரும்பைப் பிழிவதற்கென அமைந்தவை. பீட்டைப் பிழிவதில்லை, மெல்லிய சீவல்களாக்கி, வெந்நீரில் ஊறவைத்துச் சாற்றை இறக்குவர். அதற்குத் தனி இயந்திரங்கள் தேவை. கரும்புச் சக்கை ஆலைக்கே எரிபொருளாகிறது. பீட் சக்கையோ அவ்வாறு உதவாது. வெப்பமான நம் பகுதியில் தோண்டிய கிழங்கு நெடுநாள் தாங்காது. இரண்டு நாட்களுக்குள் ஆலை சேர்வதே நலம்.

ஆதலால், கிழங்கை வாங்குபவர் யார், விலை என்ன, எந்நாளில் எடுப்பார் என்பவற்றை எழுத்து மூலம் பெறாமல் எவரும் ஏக்கர் கணக்கில் விதைக்க வேண்டாம். ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றை முதலில் விசாரித்து, விவசாயிகளுக்குத் தெளிவுபடுத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். பயிர் நல்லதுதான், ஆயினும் விற்க வழியில்லாத விளைச்சல் வீட்டுக்குக் கடனையே கொண்டுவரும்.