பெற்றோருக்குப் பின் யார்?

அறிவு வளர்ச்சிக் குறைவுடைய மகனையோ மகளையோ பெற்றவர்களின் நெஞ்சை இரவும் பகலும் ஒரு கேள்வி வாட்டி வருகிறது. "நாம் கண்ணை மூடிய பின் இப்பிள்ளைக்கு யார் துணை?" என்பதே அது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்நாட்டில் இத்தகையோர் சுமார் 15 இலட்சம் பேர். வெள்ளானூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து உறுப்பினர்களும் இதனை அயலார் துயரம் என எண்ணி ஒதுக்குதல் ஆகாது.

முதற்கண் ஒன்றைத் தெளிதல் வேண்டும். அறிவு வளர்ச்சிக் குறைவு என்பது மனநோயன்று. மனநோய் இடையில் வருவது, மருந்தால் தணிவது. முன்னதோ பிறவியிலோ இளம்பருவத்திலோ அமைவது, மருந்தால் மாறாது, ஆனால் பயிற்சியால் திறன் பெருகும். பல்லாண்டுகள் இவர்களை வீட்டின் மூலையில் வைத்திருந்தோம். இயலாதபோது பெரிய விடுதிகளில் சேர்த்தோம். உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் பிறரால் வகுக்கப்படும் இடத்தில் ஒருவர் தாமாக வாழக் கற்பது அரிது.

இன்று உலகம் வேறு வழியை நாடுகிறது. விரும்பிய இடத்தில், விரும்பியவருடன் வாழும் உரிமை மாற்றுத் திறனாளிகளுக்கும் உண்டு என 2006-இல் ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கை கூறிற்று. 2007-இல் இந்தியா அதனை ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை வலியுறுத்துகிறது.

இது நடைமுறையில் இயலுமோ என்று ஐயுறுவோர்க்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 1993-இல் தோன்றிய 'பான்யன்' என்னும் தொண்டு நிறுவனம், மனநோயால் நெடுங்காலம் காப்பகங்களில் தங்கியிருந்தோருக்காக 2015-இல் 'ஹோம் எகெய்ன்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. அதில் நான்கைந்து பேர். உடனிருந்து உதவ ஒரு பணியாளர். சமைப்பதும் கடைக்குச் செல்வதும் இயன்ற வேலையைச் செய்வதும் அவர்கள் பொறுப்பே. அவர்கள் நிலை வேறாயினும், அறிவு வளர்ச்சிக் குறைவுடையோர்க்கும் இம்முறை பொருந்தும்.

பயிற்சியின் நுட்பத்தை நெசவாளர்க்கு விளக்க வேண்டுவதில்லை. புதிதாக வந்தவரிடம் முதல் நாளே தறியை ஒப்படைப்பாரில்லை. தார் சுற்றுவதில் தொடங்கி, ஒவ்வொரு வேலையாகக் கைக்குப் பழக்குவோம். அவ்வாறே சோறு வடிப்பதையும் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கின்றனர். அரிசியை அளத்தல் ஒரு படி. களைதல் அடுத்த படி. ஒன்று கைவந்த பின்னரே மற்றொன்று. துணை நிற்பவர் படிப்படியாக விலகி நிற்பார், முற்றும் அகன்றுவிடார். சிலருக்கு ஆயுள் முழுதும் ஓரளவு துணை வேண்டியிருக்கும். அதில் இழிவு ஒன்றுமில்லை.

ஆனால் காலம் தாழ்த்தலாகாது. முற்றிய நாற்றைப் பிடுங்கி நட்டால் நன்கு தூர் கட்டாது என்பதை உழவர் அறிவர். பெற்றோர் திடத்துடன் இருக்கும்போதே பிள்ளை சில நாள் வெளியில் தங்கிப் பழகுதல் நலம். தாய் மறைந்த துயரத்திலேயே புது வீட்டிற்கும் போக நேர்வது பெருங்கொடுமை.

இதற்கு உதவவே 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் உள்ளது. 18 வயது நிரம்பியோர்க்குத் தேவையாயின் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். 'நிராமயா' என்னும் மருத்துவக் காப்பீடு ஓராண்டில் ஒரு இலட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. பயன்பெறத் தக்க பெற்றோர்க்கு இச்செய்திகளை எடுத்துரைப்பது நம் கடமை.

சட்டமும் பணமும் வீட்டைத் தரும். அண்டை அயலாரை நாமே தரவேண்டும். நாளை நம் தெருவில் இத்தகையோர் நால்வர் குடிவந்தால், மற்ற குடும்பத்தாரைப் போலவே அவர்களையும் வரவேற்போமாக. நம் பட்டறையில் அவர்களால் இயலும் வேலையைத் தந்து, உரிய கூலியையும் தருவோமாக. தனித்து இயலாததைச் சேர்ந்து முடிப்பதே கூட்டுறவு. பெற்றோரின் கேள்விக்கு "நாங்கள் இருக்கிறோம்" என்று ஊர் விடை கூறட்டும்.