பறக்கும் தட்டு விவகாரம்: முதலில் வெளிவர வேண்டியது எது?

அமெரிக்க சர்க்கார் தம்மிடமுள்ள ‘பறக்கும் தட்டு’ தஸ்தாவேஜுகளை வெளியிட வேண்டுமா, வேண்டாமா என்ற தர்க்கம் ஒருவாறு முடிந்துவிட்டது. அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு தனித் தொகுதியாகச் சேர்க்க வேண்டுமென்று 1923-க்கு நூறு ஆண்டுகளுக்குப் பின், அதாவது 2023 டிஸம்பரில், வாஷிங்டன் காங்கிரஸ் சபை சட்டமே செய்துவிட்டது. குவிந்து கிடப்பவற்றில் எது முதலில் வெளிவர வேண்டும் என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. இதனை வேடிக்கைக்காரர் பேச்சென்று ஒதுக்குவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வானத்தில் தோன்றியது யாதாயினும் ஆகுக. ஒரு சர்க்கார் தம் கைவசமுள்ள சாக்ஷியத்தை எந்த வரிசையில் பிரஜைகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவான விஷயமாகும்.

விவகாரத்தின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். 1947 ஜூன் 24-ஆம் தேதி, கென்னத் ஆர்னால்டு என்ற விமானி, ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் பறந்து செல்லக் கண்டதாகக் கூறினார். ‘பறக்கும் தட்டு’ என்ற பெயர் அதிலிருந்தே பிறந்தது. அடுத்த மாதம் ராஸ்வெல் என்னுமிடத்து இராணுவத்தார், தட்டு ஒன்று தங்கள் கைக்குக் கிடைத்ததாக அறிவித்து, விரைவிலேயே அது வானிலை ஆராயும் பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். ருஷியாவின் அணுகுண்டுப் பரீட்சைகளை ஒலியின் மூலம் கண்டறிவதற்காக இரகசியமாகப் பறக்கவிட்ட பலூன் வரிசையே அது என்று 1994-இல்தான் விமானப் படையார் அறிக்கை வெளியிட்டார்கள். உண்மை வந்தது, ஆனால் நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து வந்தமையால் அதை நம்புவார் அருகிப் போயினர்.

இதனினும் பெரியதொரு திருஷ்டாந்தம் உண்டு. 1955 முதல் ‘யூ-2’ என்ற வேவு விமானங்கள் அறுபதினாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பறக்கத் தொடங்கின. பிரயாணி விமானங்கள் அக்காலத்தில் அதில் மூன்றிலொரு பங்கு உயரத்தைக்கூட எட்டுவது அரிது. மாலை வெயில் பட்டு அவ்விமானங்களின் இறக்கைகள் மின்னுவதைக் கண்ட விமானிகள், இன்னதென்று தெரியாத தோற்றம் என்று எழுதியனுப்பினர். புகார்களை விசாரித்துவந்த விமானப் படை அதிகாரிகளுக்கு உண்மை தெரியும், சொல்ல அதிகாரமில்லை. ஆகவே பனித்துகள் என்றும், வெப்பநிலை மாறாட்டம் என்றும் பொய்ச் சமாதானம் கூறினார்கள். ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய வேவு விமானங்களைப் பற்றியனவே என்று ஸி.ஐ.ஏ. ஸ்தாபனத்தின் வெளியீட்டிலேயே சரித்திர ஆசிரியர் ஒருவர் 1997-இல் எழுதினார். சர்க்காரின் வார்த்தையை ஜனங்கள் நம்பாமைக்கு மூலகாரணம் ஜனங்களின் மூடத்தனமன்று; சர்க்காரின் நடத்தையே என்பது இதனால் விளங்கும்.

1952 முதல் 1969 வரை நடந்த ‘நீலப் புத்தக’ விசாரணையில் 12,618 புகார்கள் ஆராயப்பட்டு, 701 விளக்கமின்றி விடப்பட்டன. பின்னர் நெடுங்காலம் பேச்சில்லை. 2017 டிஸம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை, யுத்த இலாகா இரண்டு கோடியே இருபது லக்ஷம் டாலர் செலவிட்டு இவ்விஷயத்தை மறைவாக ஆராய்ந்த செய்தியை வெளியிட்டது. கடற்படை விமானிகள் எடுத்த மூன்று படத்துண்டுகளை 2020 ஏப்ரலில் சர்க்காரே அதிகாரபூர்வமாக வெளியிட்டனர். மூன்றும் சேர்ந்து மூன்று நிமிஷங்கூட ஓடா. 2021 ஜூனில் வந்த அறிக்கை, 144 சம்பவங்களில் ஒன்றுக்கு மாத்திரமே நிச்சயமான காரணம் கூறிற்று. அது காற்றிறங்கிய பெரிய பலூன். அதே அறிக்கையில் நேயர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு எண் உளது. 144-இல் 80 சம்பவங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளால் காணப்பட்டவை.

எது முதலில் என்ற வாதத்தில் மூன்று கக்ஷிகள் இருக்கின்றன. விழுந்த விமானங்களின் சிதைவுகளும் அவற்றில் இருந்தவர்களின் உடற்பகுதிகளும் எங்கே என்று கேட்பது முதற்கக்ஷி. பழைய காகிதக் கட்டுகளை எல்லாம் ஆதியிலிருந்து திறக்க வேண்டுமென்பது இரண்டாவது. கருவிகள் பதிந்த மூலப் பதிவுகளே முதலில் வர வேண்டுமென்பது மூன்றாவது.

முதற்கக்ஷியின் ஆவலை நாம் உணர்கிறோம். ஆயினும் அதன் ஆதாரத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். 2023 ஜூலை 26-ஆம் தேதி காங்கிரஸ் கமிட்டி முன்னிலையில் பிரமாணம் செய்து சாக்ஷியம் சொன்ன டேவிட் கிரஷ் என்பவர், சர்க்கார் வசம் அத்தகைய பொருள்கள் உண்டென்றார். தாம் நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை, அறிந்தவர்கள் தமக்குச் சொன்னதாகவே கூறினார். கேள்விச் சாக்ஷியத்திற்கு எந்த நீதிஸ்தலத்திலும் மதிப்புக் குறைவு. ‘ஆரோ’ என வழங்கும் விசாரணை அலுவலகமோ, அப்படியொன்றும் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2024 மார்ச்சில் அறிக்கை செய்தது. இருக்கிறது என்பதே ருஜுவாகாத பொருளை முதலில் கொண்டுவா என்றால், இல்லை என்ற ஒரு வார்த்தையோடு சர்க்கார் வழக்கை முடித்துக்கொள்ளலாம். எதிரிக்கு இதனினும் அநுகூலமான கோரிக்கை வேறில்லை.

இரண்டாவது கக்ஷியின் கோரிக்கை நியாயமானது. ஆனால் முதலிடத்திற்கு உரியதன்று. நீலப் புத்தகக் கட்டுகள் ஏற்கெனவே காப்பகத்தில் உள்ளன. பிரான்ஸ் தேசத்து விண்வெளி ஸ்தாபனம் 2007-இல் தன் கட்டுகளைத் திறந்துவிட்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரி இலாகாவின் கட்டுகள் 2008 முதல் 2013 வரை தவணை தவணையாக வெளிவந்தன. அவ்விரு தேசங்களின் பாதுகாப்பும் அதனால் குலைந்துவிடவில்லை. ஆனால் அக்காகிதங்களில் பெரும்பாலும் இருப்பது கண்டவர் வாய்மொழி. ஐம்பதாண்டுக்கு முன் இருளில் கண்ட ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்தை எவ்வளவு முறை படித்தாலும், அதன் உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட இயலாது.

மூன்றாவது கக்ஷியே நமக்கு உடன்பாடு. அதன் பலத்தை ஒரு திருஷ்டாந்தத்தால் காட்டுவோம். வெளியிடப்பட்ட மூன்று படங்களில் ஒன்று 2015-இல் கிழக்குக் கரைக்கு அப்பால் எடுக்கப்பட்டது. சிறிய பொருளொன்று கடல்மட்டத்தை ஒட்டி மின்னல் வேகத்தில் பாய்வதாக அதில் தோன்றும். ஆனால் விமானத்தின் உயரம், காமிராவின் கோணம், பொருளின் தூரம் ஆகிய எண்கள் படத்தின் ஓரத்திலேயே இருந்தன. பள்ளிக்கூடத்துக் கணிதத்தைக்கொண்டு அவற்றை ஆராய்ந்த நாஸாவின் நிபுணர் குழு, பொருள் ஏறக்குறைய 13,000 அடி உயரத்தில், மணிக்கு 40 மைல் வேகத்தில் சென்றதென்று 2023 செப்டம்பரில் தெரிவித்தது. காற்றில் மிதக்கும் பொருளுக்கும் அவ்வேகம் உண்டு. ஓடும் ரயிலில் இருப்பவனுக்குத் தந்திக் கம்பங்கள் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றுவது போன்றதே அந்த மின்னல் வேகம். எண்கள் வெளியில் இருந்தமையாலன்றோ மர்மம் தெளிந்தது?

இதே அளவுகோலை 2004 நவம்பரில் ஸாண்டியாகோவுக்கு அப்பால் நடந்த சம்பவத்துக்கு வைத்துப் பார்ப்போம். ‘நிமிட்ஸ்’ கப்பலைச் சேர்ந்த விமானப் பிரிவுத் தலைவர் டேவிட் பிரேவர், இறக்கையோ புகையோ இல்லாத வெண்ணிறப் பொருளொன்றைப் பட்டப்பகலில் கண்டதாகப் பிரமாணத்தின் மேல் கூறியுள்ளார். உடன் பறந்தவர்களும் கண்டனர். ‘பிரின்ஸ்டன்’ கப்பலின் ராடாரும் விசித்திரமான தோற்றங்களைக் காட்டியதாக அதனை இயக்கியவர்கள் சொல்கின்றனர். உலகத்துக்குக் கிடைத்ததோ, வேறொரு விமானி பின்னர் எடுத்த சிறு படத்துண்டு ஒன்றே. ராடார் பதிவு வெளிவரவில்லை. அது வந்தால் விமானிகளின் கூற்று நிலைக்கும், அல்லது வீழும். இரண்டில் எது நேரினும் உண்மைக்கு லாபமே.

கருவிகளின் திறமையைச் சத்துருக்கள் அறிந்துகொள்வார்களே என்பது ஆக்ஷேபம். இது வெறும் சாக்கன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இருபதாண்டுக்கு முந்திய கருவிக்கும் இன்றைய கருவிக்கும் ஒரே பூட்டைப் போடுவது விவேகமாகாது. மேலும், எது இரகசியம் என்று தீர்மானிப்பவர் யார்? ஷூமர், ரவுண்ட்ஸ் என்ற இரு ஸெனட்டர்கள் 2023-இல் கொணர்ந்த மசோதா, கென்னடி கொலைத் தஸ்தாவேஜுகளுக்காக 1992-இல் செய்த சட்டத்தைப் பின்பற்றி, ஒன்பது பேரடங்கிய சுயேச்சையான பரிசீலனைச் சபையை ஏற்படுத்தக் கோரிற்று. இறுதிச் சட்டத்தில் அச்சபை நீக்கப்பட்டது. பூட்டு வைத்திருப்பவரே சாவிக்கும் நீதிபதியாயினர்.

ஆதலின் நமது அபிப்பிராயம் இது. பல கருவிகளால் காணப்பட்ட அந்த 80 சம்பவங்களின் ஜாபிதா முதலில் வெளிவருக. தேதி, இடம், எந்தெந்தக் கருவி பதிந்தது என்பன அதில் இருக்கட்டும். பின்னர், பழமையானதிலிருந்து தொடங்கி, மூலப் பதிவுகள் ஒவ்வொன்றாக வருக. மறைக்க வேண்டியதை மறைக்கட்டும்; மறைத்த ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதி, சுயேச்சையான சபை ஒன்றின் முன் ருஜுப்பிக்கும் பாரம் மறைப்பவரையே சாரட்டும். ஜாபிதா இல்லாத பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதெல்லாம் பிச்சையே அன்றி உரிமையாகாது. வேற்றுலகத்தார் வந்தனரா என்பதற்கு விடை எதுவாயினும், கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய சாக்ஷியத்தைக் கேட்கும் பிரஜைகளை எந்தச் சர்க்காரும் நெடுநாள் ஏமாற்ற இயலாது.