உழுவதா, உழாது விடுவதா? மண்வழி நோய்களும் நம் தோட்டங்களும்

அகல உழுவதினும் ஆழ உழுவதே நன்று என்பது நம் முன்னோர் கூறிச் சென்ற பழமொழி. கோடையில் உழுது மண்ணை வெயிலுக்குக் காட்டினால் அதனுள் உறங்கும் கேடுகள் மடியும் என்பதும் அவர்தம் பட்டறிவே. இன்றோ, உழாமல் விதைப்பதே மண்ணுக்கு நலம் என்னும் கருத்து உலகெங்கும் வலுப்பெற்று வருகிறது. அவ்வாறு விதைத்தால் மண் அரிப்புக் குறைகிறது, ஈரம் நிற்கிறது, மண்புழுக்கள் பெருகுகின்றன. ஆயின், மண்வழிப் பரவும் நோய்கள் உழவினால் குறையுமா, கூடுமா? இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஏன் இயலாது என்பதை வட சிலாங்கூர்த் தோட்டங்களைச் சான்றாகக் கொண்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

மண்வழி நோய் என்றதும் மண்ணே நோயுற்றதாக நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில், இந்நோய்களை உண்டாக்கும் பூஞ்சைகளுள் பல, முந்தைய பயிர் விட்டுச் சென்ற தாளிலும் வேரிலும் அடிக்கட்டையிலும் உயிர் வாழ்கின்றன. அந்த எச்சமே அவற்றுக்கு வீடும் உணவும் ஆகும். ஆகவே, உழவு அந்த வீட்டை என்ன செய்கிறது என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கோதுமையின் வேரை அழுகச் செய்யும் ரைசோக்டோனியா என்னும் பூஞ்சையை எடுத்துக்கொள்வோம். அது மண்ணுக்குள் நுண்ணிய இழைகளை வலைபோல் பின்னிக்கொண்டு பரவுகிறது. உழுதால் அவ்வலை அறுபடும்; உழாத நிலத்தில் அது குலையாமல் நிற்கும். தென் ஆஸ்திரேலியாவில் ஏவன் என்னுமிடத்தில் நடந்த நீண்டகால ஆய்வில், தொடக்க ஆண்டுகளில் இந்நோய் கடுமையாக இருந்தது. ஆயினும், தாளை நிலத்திலேயே விட்டுத் தொடர்ந்து பயிரிட்டபோது, ஏறத்தாழ பத்தாண்டுகளில் அது மிகவும் தணிந்தது. மண்ணில் பெருகிய பிற நுண்ணுயிர்கள் அப்பூஞ்சையை அடக்கியதே அதற்குக் காரணம். உழாமை முதலில் நோயை வளர்த்தது. காலப்போக்கில் அதற்குப் பகையையும் வளர்த்தது.

இதே பூஞ்சையின் மற்றொரு வகை, தஞ்சோங் காராங் போன்ற நெல் வயல்களிலும் உண்டு. நெல்லின் இலையுறையைக் கருகச் செய்வது அதுவே. அதன் கடினமான சிறு உருண்டைகள் மண்ணில் கிடந்து, சேறு கலக்கி நீர் பாய்ச்சும்போது மிதந்து வந்து, நீர்மட்டத்தில் நெற்றண்டைப் பற்றுகின்றன. இங்கே உழவு நோயை அழிக்கவில்லை. நீரோடு சேர்ந்து அதனை இடம் மாற்றி வைக்கிறது.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். புக்கிட் செந்தோசாவிலிருந்து, முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூர் செல்வோர், வழிநெடுகச் செம்பனையைக் காண்பர். இந்நாட்டில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டதும் இவ்வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917. ஒரு நூற்றாண்டாகத் தலைமுறை தலைமுறையாய் மரங்கள் நடப்பட்ட மண் இது.

அம்மண்ணில் செம்பனையின் பெரும்பகை கேனோடெர்மா என்னும் பூஞ்சை. அது மரத்தின் அடித்தண்டை உள்ளிருந்து அழுகச் செய்கிறது. விரியாத குருத்துகள் பல சேர்ந்து நிற்றல், கீழ்மட்டைகள் ஒடிந்து தொங்கல், அடியில் தட்டுப் போன்ற காளான் முளைத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். அவை புலப்படும்போது அடித்தண்டில் பாதியளவு அழிந்திருக்கும். மலாயாவில் இந்நோய் முதலில் இருபத்தைந்து வயது கடந்த முதிய மரங்களிலேயே காணப்பட்டது. பின்னர், பழைய தென்னந்தோப்புகளிலும் செம்பனை நிலங்களிலும் மறுநடவு செய்தபோது, இளமரங்களும் சாயத் தொடங்கின. முந்தைய மரத்தின் அடிக்கட்டையும் வேர்த்திரளும் மண்ணுள் கிடந்து, அடுத்த தலைமுறைக்கு நோயை ஈந்தன.

எனவே, தோட்டத்தில் 'உழவு' என்பது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எழும் கேள்வி: பழைய மரத்தை எவ்வாறு அகற்றுவது? முதிய மரங்களின் நிழலிலேயே கன்றுகளை நடுவது ஒரு முறை. வருமானம் உடனே நின்றுவிடாது என்பதால் சிறுதோட்டக்காரர்க்கு அது கவர்ச்சியானது. ஆனால் நோய்க்கு மிகவும் இடங்கொடுப்பதும் அதுவே. மண்வாரி இயந்திரத்தால் அடிக்கட்டையை வேர்த்திரளோடு தோண்டி எடுத்து, தண்டை மெல்லிய துண்டுகளாகச் சீவிப் பரப்புவது மற்றொரு முறை. பெரிய கட்டையில் பூஞ்சை பல்லாண்டு வாழும். சிறு துண்டிலோ உணவு விரைவில் தீர்ந்து, பிற நுண்ணுயிர்களிடம் தோற்றுப்போகும். ஆயினும் இதற்குச் செலவு மிகுதி. அழுகும் துண்டுகளில் காண்டாமிருக வண்டும் பெருகும். மேலும், பூஞ்சையின் வித்துகள் காற்றிலும் பரவுவதால், தோண்டுவது நோயைக் குறைக்குமேயன்றி அறவே ஒழிக்காது.

இப்போது தமிழகத்தை நோக்குவோம். அங்கே 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தென்னையில் பரவலாகக் காணப்பட்ட தஞ்சாவூர் வாடல் நோயும் கேனோடெர்மா இனத்துப் பூஞ்சையால் வருவதே. ஆனால் அங்குள்ள வேளாண் அறிஞர் கூறும் அறிவுரை நேர்மாறானது: நோயுற்ற தோப்பில் உழாதீர், பாத்திக்குப் பாத்தி நீர் பாய விடாதீர், நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டுங்கள். இதில் முரண் இல்லை. தஞ்சையில் மரங்கள் உயிரோடு நிற்கின்றன. கலப்பை அவற்றின் வேரை அறுத்து வாயில் திறக்கிறது, நோயுற்ற துணுக்கையும் இழுத்துச் செல்கிறது. சிலாங்கூரின் மறுநடவு நிலத்திலோ காக்க வேண்டிய வேர் இன்னும் இல்லை. அழிக்க வேண்டிய கட்டைதான் உண்டு.

இரப்பரின் வெள்ளை வேர்நோய் நமக்கு மூன்றாம் வழியைக் காட்டுகிறது. புல்பூண்டு ஒன்றும் இன்றி நிலத்தைத் துடைத்து வைப்பதே தூய்மை எனத் தோட்டங்கள் ஒரு காலத்தில் கருதின. பின்னர், பழைய கட்டைகளுக்கு நச்சூட்டி, வரிசைகளுக்கிடையே அவரையினக் கொடிகளைப் படரவிட்டனர். கொடியின் நிழலும் ஈரமும் கட்டையை விரைந்து மட்கச் செய்தன. நோய்ப்பூஞ்சையும் கொடிவேர்களின் மீது இழையோடித் தன் வலிமையைச் சிதறவிட்டது. இங்கே மண்ணைக் கிளறாமலேயே நோயின் உணவு தீர்க்கப்பட்டது. மரத்தடி மண்ணை விலக்கி வெள்ளை இழைகளைத் தேடிப் பார்க்கும் வேலையை, நம் பெற்றோரும் பாட்டன்மாரும் தோட்டங்களில் செய்திருக்கின்றனர்.

உழவு நோய்க்கு மருந்தும் அன்று, நோயும் அன்று. கேடு எந்த எச்சத்தில் வாழ்கிறது, எவ்வழியே பரவுகிறது, அவ்வேளையில் நிலத்தில் உயிருள்ள வேர் உண்டா என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே மண்வெட்டியை எடுப்பதா வைப்பதா என முடிவு செய்தல் வேண்டும். ஒரு ஹெக்டரில் நிற்பவை ஏறத்தாழ 140 செம்பனைகள். மறுநடவின்போது செய்யும் பிழைக்கு, உரிமையாளரும் அங்கே குலை அறுத்துப் பிழைப்போரும் கால் நூற்றாண்டு விலை கொடுக்க நேரும். அருகில் மறுநடவு நிலம் இருப்பின், ஆசிரியர்கள் மாணவரை உரிய இசைவுடன் அங்கு அழைத்துச் செல்லலாம். பழைய கட்டை என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்கட்டும். தோட்டத்தில் உழைத்த முதியோர் கூறும் விடையையும் குறித்துக்கொள்ளட்டும்.