ஒப்புமைக் குறிகைவழிச் சுழல்தண்டு வேகக் கட்டுப்பாடு

ஒப்புமைக் குறிகைவழிச் சுழல்தண்டு வேகக் கட்டுப்பாடு என்பது சி.என்.சி. இயந்திரத்தின் கட்டுப்பாட்டகம் வெளியிடும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு, பட்டறை வழக்கில் ஸ்பிண்டில் எனப்படும் சுழல்தண்டின் வேகத்தை அமைக்கும் முறையாகும். இதற்குப் பெரும்பாலும் 0 முதல் 10 வோல்ட்டு வரையான மின்னழுத்தம் பயன்படுகிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில், 1998 இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும் 2010 இல் ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய வாகன ஆலைகளுக்கு வேண்டிய தண்டுகள், புஷ்கள் முதலியன சி.என்.சி. கடைசல் இயந்திரங்களில் உருவாகின்றன. புதிய இயந்திரங்கள் பலவற்றில் வேகக் கட்டளை எண்ணிமத் தொடர்பு வழியே செல்கிறது. எனினும் விலை குறைந்த லேத்துகளிலும், பழைய இயந்திரத்திற்குப் புதிய கட்டுப்பாட்டகம் பொருத்தும்போதும் ஒப்புமை முறை இன்றும் பயன்படுகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் கட்டுப்பாட்டகத்தையும் டிரைவையும் இரண்டே கம்பிகளால் இணைத்துவிடலாம் என்பதே இதன் சிறப்பு.

செயற்படும் விதம்

உச்ச வேகம் நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் உள்ள இயந்திரத்தில் எஸ்3000 என்று கட்டளையிட்டால் 5 வோல்ட்டு வெளிவரும். அதிர்வெண் மாற்றியான டிரைவ் அதனை மோட்டாருக்குரிய அதிர்வெண்ணாக மாற்றுகிறது. நேரடியாக இணைக்கப்பட்ட நான்கு முனை மோட்டார் 6000 சுற்றுகள் சுழல ஏறத்தாழ 200 ஹெர்ட்சு தேவை. ஆகவே டிரைவில் 10 வோல்ட்டுக்கு 200 ஹெர்ட்சு என அமைக்க வேண்டும். அங்கு 50 ஹெர்ட்சு என்று விட்டுவிட்டால், எஸ்3000 என்ற கட்டளைக்கு ஏறத்தாழ 750 சுற்றுகளே கிடைக்கும். சுழல்தண்டில் என்கோடர் இல்லையெனில் கட்டுப்பாட்டகம் இப்பிழையை அறியாது. திரையில் 3000 என்றே காட்டிக்கொண்டிருக்கலாம்.

கம்பியிணைப்பு

கட்டுப்பாட்டகத்தின் மின்னழுத்த வெளியீடு டிரைவின் ஒப்புமை உள்ளீட்டு முனையுடனும், அதன் பொது முனை டிரைவின் ஒப்புமைப் பொது முனையுடனும் இணைக்கப்படும். ஃபானுக் கட்டுப்பாட்டகங்களில் இவ்விரு முனைகளும் முறையே எஸ்.வி.சி., இ.எஸ். எனக் குறிக்கப்படுகின்றன. டிரைவிலேயே உள்ள 10 வோல்ட்டு முனை, வேகத்தைக் கையால் திருப்பி அமைக்கும் மாறுமின்தடைக்கானது. இவ்விணைப்பில் அதனைத் தொடக்கூடாது. சுழற்சியைத் தொடங்குவதும் திசையைத் தேர்வதும் எம்03, எம்04 கட்டளைகளுக்குரிய தனி ரிலே தொடுப்புகளின் வேலை.

மேற்கண்ட இயந்திரத்தில் 1 மில்லிவோல்ட்டு என்பது 0.6 சுற்றுக்குச் சமம். எனவே 50 மில்லிவோல்ட்டு இரைச்சல் புகுந்தால் வேகம் 30 சுற்றுகள் பிறழும். இரைச்சலின் முதன்மை ஊற்று டிரைவேதான்: அது மோட்டார் மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கிறது. இதனால் குறிகைக் கம்பி, கவசமிட்ட முறுக்கிணைக் கம்பியாக இருத்தல் வேண்டும். மோட்டார் கம்பியோடு ஒரே குழாயில் செல்லாமல், குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். கவசத்தைப் பொதுவாக ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வர். இரு முனைகளின் புவி அழுத்தம் வேறுபட்டால் கவசத்திலேயே மின்னோட்டம் பாயும் என்பதே காரணம். இதில் டிரைவின் கையேடு வேறு கூறினால் அதையே பின்பற்றுதல் நலம்.

அளவமைவு

முதலில் எஸ்0 நிலையில் டிரைவின் உள்ளீட்டு முனைகளில் மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. சில மில்லிவோல்ட்டுகள் எஞ்சியிருந்தாலும் சுழல்தண்டு மெல்ல ஊரக்கூடும். சுழிநிலையைத் திருத்திய பின்னரே உச்ச வேகத்தைத் திருத்த வேண்டும். உண்மை வேகத்தை டாக்கோமீட்டரால் அளப்பர்.

பாதுகாப்பு

ஜி96 எனும் மாறா வெட்டு வேகக் கட்டளையில் வெட்டுளி மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சி கூடும். நிமிடத்திற்கு 200 மீட்டர் வெட்டு வேகத்தில், 50 மி.மீ. விட்டத்திற்கு 1273 சுற்றுகள் போதும்; 10 மி.மீ. விட்டத்திற்கு 6366 தேவை. அதாவது வெளியீடு 10 வோல்ட்டை எட்டிவிடும். மையவிலக்கு விளைவால் சக்கின் பிடி தளர்ந்து வேலைப்பொருள் வீசியெறியப்படலாம். ஆகவே ஜி50 கட்டளையால் உச்ச வரம்பு இடப்படுகிறது. ஆனால் டிரைவின் அதிர்வெண் தவறாக அமைந்திருந்தால் இவ்வரம்பும் பொய்யாகும்.

சுழி வோல்ட்டு என்பது நிறுத்தம் அன்று. இரைச்சலோ, டிரைவில் அமைந்த குறைந்தபட்ச அதிர்வெண்ணோ தண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும். எனவே அவசர நிறுத்தப் பொத்தானும் கதவுப் பூட்டும் வேகக் குறிகையை நம்பாமல், டிரைவின் இயக்க அனுமதியைத் தனிச் சுற்றின் வழியே துண்டிக்குமாறு இணைக்கப்படுகின்றன.