போர்டில் யார் பேர்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற வழியில் எல்லையைத் தாண்டினால் மீனாட்சிபுரம். இங்கே பால், தேங்காய், எண்ணெய், சாப்பாடு, தையல் என்று சிறு தொழில் தொடங்குகிறவர்கள் கடை பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் பெயரை யோசிக்கிறார்கள். "போர்டுல என்ன பேருங்க எழுதறது?" என்று பெயிண்டர் கேட்டதும் சொந்தப் பெயரோ பிள்ளையின் பெயரோ வாயில் வரும். இரண்டும் வராவிட்டால் இருக்கவே இருக்கிறாள் மீனாட்சி.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடலாம். பஞ்சாயத்து லைசென்ஸ், ஜிஎஸ்டி, உத்யம், உணவுப் பாதுகாப்புப் பதிவு என நான்கு காகிதத்திலும் கடைப் பெயர் இருக்கும். நான்கில் ஒன்றுகூட அந்தப் பெயரை உங்களுக்குச் சொந்தமாக்காது. அதற்கு டிரேட்மார்க் பதிவு வேண்டும். "எல்லாம் சேர்த்து முடிச்சாச்சு" என்று சொல்லும் ஏஜெண்டிடம் டிரேட்மார்க் விண்ணப்ப எண் எங்கே என்று கேளுங்கள்.

சொந்தப் பெயரில் பெரிய வசதி, ஆளை நம்பி வாங்குகிறார்கள் என்பது. ஆனால் டிரேட்மார்க் சட்டம் 1999-இன் 35-வது பிரிவு, ஒருவர் தன் பெயரைத் தன் தொழிலுக்கு நேர்மையாக வைத்துக்கொள்வதைத் தடுக்க முடியாது என்கிறது. நீங்கள் முருகன் என்ற பெயரைப் பதிவே செய்திருந்தாலும், எதிர்வரிசையில் இன்னொரு முருகன் கடை திறந்தால் என்ன செய்வீர்கள்? அவர் உங்கள் பெயரைத் திருடத்தான் வந்தார் என்று காட்ட வேண்டியது உங்கள் பாடு. ஒரே குடும்பத்து நகைக்கடைக்காரர்கள் ரக்யான் என்ற குடும்பப் பெயருக்காக மோதிய வழக்கில், 2014-இல் உச்ச நீதிமன்றம் சொந்தப் பெயரைப் பயன்படுத்தியவர் பக்கமே நின்றது.

சாமி பெயரும் புனித நூலின் பெயரும் பலம் குறைந்தவையே. ராமாயணம் என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்டவருக்கு 2015-இல் உச்ச நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் வைத்தால் பதிவு கிடைப்பதே கஷ்டம், ஏனென்றால் ஊர் எல்லோருக்கும் பொது. இடுக்கியில் மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் கிடைத்தது புவிசார் குறியீடு. அது அந்த வட்டார உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் உரியது, ஒரு கடைக்கு அல்ல.

பெயரைவிட ஆபத்தானது ஆள் முக்கியமாகிவிடுவது. சரவண பவன் நிறுவனர் ராஜகோபால் கொலை வழக்கில் பெற்ற ஆயுள் தண்டனையை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டு அவர் இறந்தும் போனார். போர்டில் அவர் பெயர் இல்லை, ஓட்டல்கள் நடந்துகொண்டிருக்கின்றன. அடிமாலியில் மீரான் 1983-இல் ஆரம்பித்த மசாலாவுக்கு ஈஸ்டர்ன் என்று பெயர் வைத்தார். 2020-இல் நார்வேயின் ஓர்க்லா அதன் பெரும்பங்கை வாங்க முன்வந்தபோது, கைமாறப் போனது ஒரு வியாபாரப் பெயர். குடும்பத்தின் பெயர் குடும்பத்திடமே இருந்தது.

கூட்டுத் தொழிலில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். மச்சானோடு சேர்ந்து நடத்தும் கடைக்கு உங்கள் பெயரை வைத்தால், அதன் நற்பெயர் கூட்டு நிறுவனத்தின் சொத்தாகிவிடுகிறது. பிரியும்போது நற்பெயரையும் சேர்த்து விற்றுவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை நீங்கள் அந்தக் கடைப் பெயரில் தொழில் செய்யக் கூடாது என்கிறது கூட்டாண்மைச் சட்டம் 1932-இன் 55-வது பிரிவு. உங்கள் பெயரே உங்களுக்கு அந்நியமாகும். பெயர் யாருடையது என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. சொந்தக்காரர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று: தனிப் பெயர் வைத்தால் கடன் தன்னைத் தொடாது என்று சிலர் நினைக்கிறார்கள். தனியாள் கடையென்றால், போர்டில் எந்தப் பெயர் இருந்தாலும் கடன் உங்கள் தலையில்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக்கினால் ஓரளவு தப்பலாம். அங்கேயும் பேங்க் உங்கள் சொந்த ஜாமீனைக் கேட்கும்.

என் தீர்ப்பு இது. தவில்காரர், சமையல் மாஸ்டர், வக்கீல், தையல்காரர் போலக் கைத்திறனை விற்பவர்களுக்குச் சொந்தப் பெயரே சரி. எண்ணெய், பால் பலகாரம், மாவு என்று பாக்கெட்டில் போட்டு விற்பவர்கள், பிள்ளைகளுக்கு விடவோ ஒருநாள் விற்கவோ நினைப்பவர்கள், கற்பனையான தனிப் பெயர் வைப்பதே நல்லது.

டிரேட்மார்க் பதிவுக்குச் சென்னை கிண்டி அலுவலகம்தான் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும். ஆன்லைனில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய். வகுப்பில் கவனம் தேவை: சமையல் தேங்காய் எண்ணெய் 29-வது வகுப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3-வது. ஒரே செக்கில் ஆட்டிய எண்ணெயானாலும் இரண்டாகவும் விற்றால் இரண்டு கட்டணம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நாடு முழுக்கச் செல்லுபடியாவதால், எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் யாராவது காப்பியடித்தாலும் பாலக்காட்டிலேயே வழக்குப் போடலாம்.

பதிவு செய்யாதவர்களுக்கும் வழி உண்டு. உங்கள் பெயரால் இன்னொருவர் ஜனங்களை ஏமாற்றுகிறார் என்று வழக்குத் தொடரலாம். முன்பே பயன்படுத்தியவரின் உரிமையை டிரேட்மார்க் சட்டத்தின் 34-வது பிரிவு காக்கிறது. ஆனால் எப்போதிலிருந்து என்பதற்கு ஆதாரம் வேண்டும். பழைய பில் புத்தகம், லேபிள் அச்சடித்த ரசீது, தேதியோடு கடை போட்டோ எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.

டிரேட்மார்க் இணையதளத்தில் பெயர் தேடுவது இலவசம். பெயிண்டரை வரச்சொல்வதற்கு முன் ஒரு முறை தேடுங்கள். உங்கள் பெயரையே வேறொருவர் விண்ணப்பித்து, அது டிரேட்மார்க் இதழில் வெளியானால், எதிர்ப்புத் தெரிவிக்கச் சட்டம் தரும் அவகாசம் 4 மாதம் மட்டுமே.