சரித்திரத் தேர்வும் தன்னம்பிக்கையும்

சரித்திரப் பாடம் என்றாலே நம்மவரில் பலருக்குக் கலக்கம். எஸ்.பி.எம். தேர்வில் சரித்திரத்தில் தேறாதவருக்குச் சான்றிதழ் இல்லை என்பது 2013ஆம் ஆண்டு முதல் விதியாகிவிட்டதால், அக்கலக்கம் அச்சமாகவே வளர்ந்துவிட்டது. பத்துத் தடவை படித்தும் தேர்வு மண்டபத்தில் மறந்துவிடுகிறதே என்று வருந்துவோர் உண்டு. குறை அவர்தம் மூளையில் இல்லை; படிக்கும் முறையிலேயே உள்ளது.

திரும்பத் திரும்ப வாசித்தால் பாடம் பழகிய முகம்போல் தோன்றும். ஆனால் பழகிய முகத்தின் பெயரே சில வேளை நாவில் வருவதில்லை அல்லவா? ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிலர் பாடத்தை மீண்டும் வாசித்தனர். சிலர் ஏட்டை மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுதினர். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ எழுதிப் பார்த்தவரே வென்றனர்.

ஆகவே, ஏட்டை மூடுங்கள். மலாக்காவின் கதையை 1511, 1641, 1824, 1957 என்னும் நான்கு படிகளாக எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் ‘ஏன்?’ என்று கேளுங்கள். நறுமணப் பொருள் வாணிகத்தைக் கைப்பற்றப் போர்ச்சுக்கீசியர் வந்தனர். ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர் அவர்களை வென்றனர். பின்னர் உடன்படிக்கையின்படி பென்கூலனைக் கொடுத்து ஆங்கிலேயர் மலாக்காவைப் பெற்றனர். இறுதியில் சுதந்திரம். அந்நாளைத் துங்கு அப்துல் ரகுமான் 1956 பிப்ரவரி 20இல் அறிவித்ததும் மலாக்காவில்தான். காரணம் புரிந்தால் ஆண்டு தானே நினைவில் நிற்கும்.

மெர்லிமாவ் வட்டாரத்து மாணவருக்கு மற்றொரு வசதியும் உண்டு. மலாயாவில் வாணிக முறையில் முதன்முதல் ரப்பர் பயிரிட்டவர் மலாக்காவின் டான் சே யான், ஆண்டு 1896, இடம் புக்கிட் லிந்தாங். மோட்டார் வண்டிகள் பெருகவே ரப்பரின் தேவை உயர்ந்தது, தோட்டங்கள் பெருகின, கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டினர். தோட்டத்துக் குடும்பங்களின் கதை அங்கே தொடங்குகிறது. தம் பாட்டனாரின் கதையை மறப்பவர் யார்?

எழுதியதை ஏட்டோடு ஒப்பிட்டு, விட்டதைச் சிவப்பு மையால் குறியுங்கள். மறுநாளும், அடுத்த வாரமும் மீண்டும் எழுதுங்கள். சிவப்பு குறையக் குறைய நம்பிக்கை வளரும். அது பிறர் சொல்லி வந்த நம்பிக்கையன்று. நீங்களே சோதித்தறிந்த நம்பிக்கை.